ஏழு பேருக்கும் ஒரே காய்ச்சல்

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நாலாம் அளத்துக் காலனியில் ஏழு பேருக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்தது. ஒரே நேரம் என்று நான் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. பத்து பதினாறுக்கு ஏழு பேருக்கும் நூறைத் தாண்டியது. பத்து நாற்பதுக்கு ஏழு பேருக்கும் நூற்றி இரண்டு. பதினெட்டு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன், காய்ச்சல் இப்படி வரிசையில் நின்று வந்து நான் பார்த்ததே இல்லை.

என் பெயர் பொன்சீலி. தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்களை ஒட்டிய அந்தக் காலனியின் சுகாதார நிலையத்துக்கு நான்தான் எல்லாம். உத்தரவில் 'ஒருங்கிணைப்புச் செவிலியர்' என்று போட்டிருக்கும். மருந்து எழுதலாம், கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். காலனிக்காரர்களுக்கு நான் வெறும் சிஸ்டர்.

திட்டம் வந்து நாலு வருடம் ஆகிறது. நாள்பட்ட நோய் உள்ள நாற்பத்து மூன்று பேரின் தோளில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒன்றை ஒட்டியிருக்கிறோம். அரசு வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, ஸ்டிக்கர் என்றே ஆகிவிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயத் துடிப்பு, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பது வரை ஊசி குத்தாமலே அதிலிருந்து நாள் முழுக்கப் போய்க்கொண்டிருக்கும். மதுரையில் இதய டாக்டர், திருநெல்வேலியில் சர்க்கரை டாக்டர், தூத்துக்குடியில் எலும்பு டாக்டர் என்று அவரவர் திரையைப் பார்த்து அவரவர் மருந்தை அனுப்புவார்கள். நோயாளியின் முகத்தைப் பார்க்கிற ஒரே ஆள் நான்தான்.

"எனக்கு மூணு டாக்டரு இருக்காவளே, பொறவு நீங்க என்னத்துக்கு சிஸ்டர்?" என்று பேச்சித்தாயக்கா ஒருமுறை என்னைக் கேட்டாள். ஐம்பத்து நாலு வயது. முப்பது வருடமாக உப்பு வாருகிறவள். புருஷன் இல்லை, மகளைக் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறாள். மனதில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடுவாள்.

"மூணு பேரு இருக்கிறதுனாலதாங்கா நான். இதயத்துக்காரர் ஒடம்புல நீர் சேரக்கூடாதுன்னு ஒரு மாத்திரை தாராரு. சர்க்கரைக்காரர் பிரஷருக்கு ஒண்ணு தாராரு. எலும்புக்காரர் முட்டுவலிக்கு ஒண்ணு தாராரு. தனித்தனியாப் பாத்தா மூணும் நல்ல மாத்திரை. மூணும் சேந்து உள்ள போனா கிட்னி வத்திப் போவும். மூணு டாக்டருக்கும் சேத்து ஒங்களுக்கு ஒரு ஒடம்புதான் இருக்குன்னு ஞாபகப்படுத்துறதுதான் என் வேலை."

"அப்பம் எத நிறுத்தப் போறீய?"

"முட்டுவலி மாத்திரைய."

"அது இல்லாம நான் எப்படி வரப்புல நடப்பேன்?"

தைலம் கொடுத்தேன், ஒத்தடம் சொல்லிக்கொடுத்தேன், காலை நீட்டி மடக்கிக் காட்டினேன். "சரி சிஸ்டர்" என்றாள். அந்தச் சரியை நான் அப்படியே நம்பினேன்.

மார்க் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த நாற்பத்து மூன்று பேரின் ஸ்டிக்கரும் சொல்கிற ஆரோக்கியத்தின் சராசரிதான் என் மதிப்பெண். பராமரிப்பின் தரம் எல்லோருக்கும் தெரிய வேண்டுமாம், அதனால் நிலையத்து வாசலில் பெரிய பலகையில் பச்சை எழுத்தில் எரியும். எண்பதுக்குக் கீழே மூன்று மாதம் கிடந்தால் சிஸ்டரைத் தூக்கிவிட்டுப் பேசும் பெட்டியை வைப்பார்கள். ஆறாம் அளத்தில் அப்படித்தான் வைத்தார்கள். 'வணக்கம், உங்கள் வலியை ஒன்று முதல் பத்துக்குள் சொல்லுங்கள்' என்று அது கேட்குமாம். வயிற்றுவலியோடு போன ஒருத்தி "ஒந்தலையில இடி விழ" என்றாளாம். பெட்டி நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டதாம்.

போன வருடக் கடைசியில் என் மார்க் எண்பத்தொன்றுக்கு வந்தது. காலனிப் பெண்கள் என்னைச் சாவு வீட்டில் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள். அந்த வாரம் மட்டும் மூன்று வீட்டிலிருந்து மீன் குழம்பு வந்தது. பிறகு மார்க் ஏறத் தொடங்கியது. எண்பத்து நாலு, எண்பத்தெட்டு, தொண்ணூற்றொன்று. மாவட்டக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்திக் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எல்லாம் என் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, தரப் பிரிவு அதிகாரி நெல்லையப்பன் பத்தே முக்காலுக்குக் கூப்பிட்டார்.

"மேடம், ஒங்க காலனில ஏழு பேருக்குக் காய்ச்சல். தண்ணியில எதுவும் கோளாறா?"

"தண்ணிக் காய்ச்சல் இப்படி மணி பாத்து வராது சார். நேர்ல போய்ப் பாக்குறேன்."

இதய நோயாளி என்பதால் முதலில் பேச்சித்தாயக்கா வீட்டுக்கு ஓடினேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முகத்தை என் பக்கம் திருப்பினாள். கண் திறக்க முடியாத அளவுக்கு வீங்கியிருந்தது.

"இன்னைக்கு வியாழக்கிழமையா?" என்றாள். நாக்கு குழறியது. நான் வீடு வீடாகப் போவது ஒன்றுவிட்டு ஒரு வியாழக்கிழமை.

"செவ்வாக்கெழமக்கா. காய்ச்சலா?"

"காய்ச்சலா? எனக்கா? நான் நல்லாத்தான இருக்கேன்."

நெற்றி பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. நூற்றி இரண்டு என்று என் கையிலிருந்த திரை சொல்லிக்கொண்டே இருந்தது. விரல் வைத்துப் பார்த்த நாடி நாற்பதுக்குக் கீழே. ரவிக்கைக் கையை ஒதுக்கித் தோளைப் பார்த்தேன். ஸ்டிக்கர் இல்லை. வெயிலில் கருத்த தோலில் அது இருந்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்திருந்தது. தலையணைக்கு அடியில் முட்டுவலி மாத்திரை அட்டைகள், எல்லாம் தீர்ந்து போனவை.

"ஸ்டிக்கர் எங்கக்கா?"

"ஜெபராணிட்ட" என்றாள். அதற்கு மேல் பேச முடியவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு அவளை ஏற்றி அனுப்பிவிட்டு ஜெபராணி வீட்டுக்கு நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன்.

ஜெபராணிக்கு இருபத்தொன்பது வயது. இடியாப்பம் பிழிந்து காலனி முழுக்கக் கொடுப்பாள். ஒரு நோய் நொடி கிடையாது, என் பட்டியலிலேயே அவள் பெயர் இல்லை. அன்றைக்கு அவள் காய்ச்சலில் அனத்திக்கொண்டு குப்புறக் கிடந்தாள். முதுகில் மேலே நாலு, கீழே மூன்று என்று ஏழு ஸ்டிக்கர்கள்.

எனக்கு வந்த கோபத்தில் கை ஓங்கிவிட்டேன். காய்ச்சல்காரியை அடிக்கக் கூடாது என்று கையை இறக்கிக்கொண்டேன்.

"என்னட்டி இது?"

"திட்டாதீய சிஸ்டர்" என்று எழுந்து உட்கார்ந்தாள். "மார்க்கு எண்பத்தொண்ணுக்கு வந்துச்சுல்லா, அன்னைக்குப் பேச்சித்தாய் சித்தி அழுதா. 'நான் திருட்டுத்தனமா மாத்திரை போடுததால சிஸ்டருக்கு மார்க்கு போவுது, அவியள மாத்திட்டு அந்தப் பொட்டிய வச்சிருவாவ'ன்னு. மாத்திரை போடாம அவளால வேலைக்குப் போவ முடியல. நாந்தான் ஸ்டிக்கர எங்கிட்ட குடுங்கன்னேன். மறுநாளே மார்க்கு ஒண்ணு ஏறிச்சு. பொறவு ஒவ்வொருத்தரா வந்தாவ. நீங்க வியாழக்கெழம வருவீயன்னு பொதன் சாயங்காலமே திருப்பி ஒட்டிருவோம்."

"எட்டு மாசமாவா?"

"எட்டு மாசமா ஒங்க பேரு கெடாம இருந்துச்சுல்லா?"

"கூறுகெட்டவளே! ஒங்கிட்னியப் பாத்து அவளுக்கு மருந்து எழுதியிருக்கேன்டி!"

அவளைத் திட்டி என்ன? ஒவ்வொரு வருகையிலும் பேச்சித்தாயக்காவின் கால் வீங்கியிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். திரை காட்டுவது இரண்டு வாரச் சராசரி, அதில் கிட்னி ஜோராக இருந்தது. கிட்னி நன்றாக இருக்கிறதே என்று நீர் மாத்திரையை இரண்டு தடவை கூட்டினேன். காலைத் தொட்டுப் பார்த்த பிறகும் திரையைத்தான் நம்பினேன்.

பெரியாஸ்பத்திரியில் அன்று மதியமே அவளுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். உயிர் தப்பியது. கிட்னி திரும்பாது, இனி வாரத்துக்கு இரண்டு தடவை வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் ஜெபராணி நிலையத்துக்கு வந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மேல சொல்லிராதீய சிஸ்டர். அவியவிய ஸ்டிக்கர அவியவியளே ஒட்டியாச்சு. சித்தியும் பொழச்சிட்டா. நீங்க போயிட்டா நாங்க அந்தப் பொட்டிகிட்ட போய் நிக்கணுமா?"

ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மற்ற ஆறு பேரின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். மாதக்கணக்கில் ஜெபராணியின் உடம்பைப் பார்த்துத்தான் மூன்று டாக்டர்களும் அவர்களுக்கு மருந்து அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருவருக்கு ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை அடுத்த வாரம் இரண்டு மடங்காக இருந்தது. பொய் அந்தப் பதிவுகளில் இருக்கிற வரைக்கும் யார் எப்போது விழுவார்கள் என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் நெல்லையப்பனுக்கு எழுதி அனுப்பினேன். நிஜ எண்களைப் போட்டால் போன நாலைந்து மாதத்து மார்க்கும் எழுபத்தொன்பதுக்கு இறங்கும், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். மூட்டை கட்டத் தயாரானேன்.

திங்கட்கிழமை நெல்லையப்பன் கூப்பிட்டார். குரலில் சந்தோஷம்.

"மேடம், எண்பத்தொம்பது!"

"என்ன சார் எண்பத்தொம்பது?"

"ஒங்க மார்க். ஸ்டிக்கர அடுத்தவங்களுக்குக் குடுத்தா, பயனாளி பட்டியல்லேர்ந்து ரெண்டு வருஷம் நீக்கம்னு விதி இருக்கு. ஏழு பேரையும் எடுத்தாச்சு. மிச்சம் முப்பத்தாறு பேரோட சராசரி எண்பத்தொம்பது வருது."

"சார், இருக்கிறதுலயே ரொம்ப முடியாதவங்க அந்த ஏழு பேர்தான்."

"அதனாலதான் மேடம் எழுபத்தொம்பதுலேர்ந்து ஏறியிருக்கு."

"எட்டு மாசமா ஒங்க கம்ப்யூட்டர் என்ன பண்ணிட்டு இருந்துச்சு? ஒரே பொண்ணோட நாடி ஏழு பேர்ல வருதேன்னு அதுக்குத் தெரியலையா?"

"தெரியாம இருக்குமா? நாடித்துடிப்பு கைரேக மாதிரி, ஆளுக்கு ஆள் மாறும். மொத வாரமே தெரிஞ்சிருக்கு, நான் பதிவை எடுத்துப் பாத்தேன். ஆனா நாம அதுகிட்ட கேட்டது தரம் கூடுதா குறையுதான்னு மட்டுந்தான். இது யாரோட ஒடம்புன்னு யாரும் கேக்கல, அதுவும் சொல்லல."

"அதுக்கு அந்த ஜனங்களத் தூக்குவீங்களா? அவங்களுக்குப் பதிலா என் பேர அடிங்க சார். தப்பு என்னோடது."

"மேடம்" என்றார். அதட்டலாக இல்லை, கெஞ்சலாகவே இருந்தது. "ஒங்க தப்புன்னு நான் எழுதியிருந்தா இன்னைக்கே பெட்டி வந்து எறங்கியிருக்கும். அந்தப் பெட்டி கணுக்கால அமுக்கிப் பாக்குமா? முப்பத்தாறு பேருக்கு நீங்க வேணும்னுதான் இந்த விதிய எடுத்தேன். ஏழா, முப்பத்தாறான்னு கேட்டா நான் என்ன செய்ய?"

அவர் சொன்னதில் எங்கே ஓட்டை என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போதும் சரியாகத் தெரியவில்லை.

"பேச்சித்தாய்க்கு மாத்திரை யாரு பாப்பா?"

"டயாலிசிஸ் பெரியாஸ்பத்திரில நடக்கும், அத யாரும் நிறுத்த முடியாது. மத்த மூணு டாக்டரும் அவங்க பக்கத்துல மூடிட்டாங்க. ஒங்க கைத்திரையில அந்தப் பேரு இனி திறக்காது. நேர்ல போய்ப் பாக்கவும் செய்யாதீங்க. பட்டியல்ல இல்லாதவங்களப் பாத்தா ஒரு தடவைக்கு ரெண்டு மார்க் கழியும். அவங்களுக்கும் தகவல் போயிருச்சு."

இரண்டு நாள் பொறுத்தேன். பேச்சித்தாயக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று ஜெபராணி சொன்னாள். பிறகு, "சித்தி யாரையும் உள்ள விடமாட்டேங்கா சிஸ்டர். வாசல்ல சோத்த வச்சிட்டுப் போன்னு சொல்லுதா" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும், கைத்திரையை மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு வெறுங்கையோடு போனேன்.

கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினேன்.

"யாரு?"

"நாந்தான்க்கா."

பிறகு கதவுக்கு மிக அருகில் அவள் குரல் கேட்டது. "போங்க சிஸ்டர். என்னையப் பாத்தா... ஒங்களுக்கு மார்க்கு போவுமாம். மெசேஜ் வந்துச்சு."

"மார்க்கு கெடக்குது. கதவத் தொறங்க."

"மாட்டேன். எண்பத்தொம்பது வந்துட்டாமே. ஜெபராணி சொன்னா. இனி ஒங்கள... அசைக்க முடியாதுல்லா." பெருமையாகச் சொன்னாள். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கியது. அந்த மூச்சு எனக்குப் பிடிக்கவே இல்லை.

"என்னென்ன மாத்திரை போடுதீய?"

"ஆஸ்பத்திரில குடுத்ததும்... வீட்டுல இருந்ததும். எல்லாந்தான். ஒண்ணையும் விடல."

வீட்டில் இருந்தது பழைய பிரஷர் மாத்திரை. செத்த கிட்னியோடு அதைத் தின்றால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகும். ஆஸ்பத்திரியில் புதியதை எழுதியவருக்குப் பழையது இருப்பது தெரியாது, பழையதை எழுதியவர் கணக்கை மூடிவிட்டார். இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டியவள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

"யக்கா, பழைய மாத்திரையத் தொடாதீய! அது விஷம்! கதவத் தொறங்க, நான் பாத்துட்டுப் போயிருதேன்!"

"நீங்க இப்பிடித்தான் சொல்லுவீய. எம்மேல பாசம். நான் நல்லாத்தான் இருக்கேன் சிஸ்டர்... நீங்க போங்க."

கதவைக் குத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கெஞ்சினேன், அதட்டினேன், அழக்கூடச் செய்தேன். உள்ளே அவள் கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது தெரிந்தது. கதவின் மறுபக்கம் அவள் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. இனி கொஞ்ச நேரத்தில் அவளே திறக்க நினைத்தாலும் எழுந்திருக்க முடியாது.

"நான் வேலைய விட்டுட்டேன்க்கா" என்றேன்.

மூச்சுச் சத்தம் ஒரு நொடி நின்றது. "என்னது?"

"இன்னைக்குக் காலைல எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். எனக்கு இனி மார்க்கும் கெடையாது, மண்ணாங்கட்டியும் கெடையாது. யாரும் எங்கிட்டேர்ந்து எதையும் கழிக்க முடியாது. தொறங்க."

உள்ளே ஏதோ உருண்டது. அவள் சுவரைப் பிடித்து எழுந்திருக்க வெகு நேரம் ஆனது. தாழ் விலகியது.

முகம் பானை மாதிரி வீங்கி, அழுதுகொண்டு நின்றாள். "பாவி மவளே, எங்களால ஒஞ்சோறு போச்சே" என்று என் கன்னத்தைப் பிடித்தாள். நாலு வருடத்தில் அன்றைக்குத்தான் அவள் என்னை ஒருமையில் கூப்பிட்டாள். நான் அவளை உட்கார வைத்து, ஜெபராணியைக் கத்திக் கூப்பிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னேன். மாத்திரை டப்பாவைப் பாயில் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அமுக்கினேன், குழி அப்படியே நின்றது.

வாசலில் கூடியவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிப்பேர் அந்த முப்பத்தாறில் உள்ளவர்கள். நான் சொன்னது அவர்கள் காதிலும் விழுந்திருந்தது. 'அப்போ எங்களுக்கு யாரு?' என்று யாரும் கேட்கவில்லை.

நான் வேலையை விட்டதாகச் சொன்னது பொய். மறுநாள் காலை பத்து மணி வரைக்கும் பொய்.